உயிரோடிருந்தவருக்கு விழுந்த மாலை

யோகம் இறந்து ஆறு மாதமாகியும் அவளுடைய நான்கு சப்பாத்துப் பெட்டிகளை எடுத்து ஒதுக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. பெட்டிகளில் படங்களாக இருப்பவர்கள் உறவுக்காரர் அல்ல. பழைய ஜேர்மன் சிப்பாய்கள், அதிகாரிகள், சில பதக்கங்கள். முன்பின் தெரியாத அந்த முகங்களுக்குப் பெயர் தேடுவதுதான் ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அவள் தனக்கென்று பிடித்துக்கொண்ட முதல் வேலை.

1985இல் இலங்கையிலிருந்து அகதியாக வந்தாள். வேலை செய்ய அனுமதி இல்லை. கணவன் சோதிலிங்கம் மட்டும் ஓர் உணவகத்தில் சத்தமில்லாமல் கோப்பை கழுவினான். சனிக்கிழமைகளில் இருவரும் பழஞ்சாமான் சந்தைக்குப் போவார்கள். சட்டி வாங்க, குளிருக்கு உடுப்பு வாங்க. அங்கேதான் ஒரு வாழைப்பழப் பெட்டி நிறையப் படங்களைக் கண்டாள். எல்லாம் சீருடை போட்ட ஆண்கள். மார்பிலிருந்த நாஸிச் சின்னத்தின் மேல் விற்பவர் சட்டத்துக்குப் பயந்து வட்டக் காகிதம் ஒட்டியிருந்தார்.

"யார் இவர்கள்?"

"செத்தவர்கள். ஒரு வீட்டைக் காலி செய்தோம்" என்றார் அவர், வேறு யாருக்கோ கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

யோகம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவளுடைய தம்பி பரராசசிங்கத்தை முந்தைய ஆண்டு ஊரில் வீதியில் வைத்து ஆமி, இலங்கை ராணுவம், ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது. அதன் பின் ஒரு தகவலும் இல்லை. பாஸ்போர்ட் அளவில் அவனுடைய ஒரு படம் அவளிடம் இருந்தது. அதை அவள் கைப்பையை விட்டு வெளியே வைத்ததில்லை. இங்கே ஆட்களைப் பெட்டியோடு விற்கிறார்கள்.

அன்று ஐந்தாறு படங்களோடு வீட்டுக்கு வந்தாள்.

"இஞ்சரும்" என்றான் சோதிலிங்கம். "ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப ஆமிக்காரனைக் காசு குடுத்து வீட்டுக்குக் கூட்டி வாறீர்."

"இது வேற ஆமி."

"எல்லா ஆமியும் ஆமிதான். நல்ல காலம், இவை படத்தில இருக்கினம்."

சிரித்தான், தடுக்கவில்லை. அவள் நகர நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். அகராதி ஒரு பக்கம், சீருடைப் புத்தகம் மறுபக்கம். தோள்பட்டையில் இரண்டு நட்சத்திரம் என்றால் கப்டன். இரும்புச் சிலுவைப் பதக்கம் முதல் வகுப்பென்றால் மார்பில் குத்தியிருக்கும். இரண்டாம் வகுப்பென்றால் சட்டைப் பொத்தான் துளையில் நாடா மட்டும் தெரியும். இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பெயர் கிடைத்தால் குடும்பத்தைத் தேடுவாள். இரண்டு பேர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் ரெலிபோனை வைத்துவிட்டார்.

1987 இளவேனிலில் ஊர்க்காரி சுந்தரேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். யோகத்தின் அம்மா கொடுத்துவிட்டதாக ஒரு சரிகை மாலையை எடுத்து நீட்டினாள்.

"கொம்மா இனிக் காத்திருக்க ஏலாதாம் பிள்ளை. தர்ப்பையில ஆள் செய்து எரிச்சு, தம்பி பராவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யப் போறாவாம். நீ மூத்தவள். நீ ஓம் எண்டால்தான் செய்வாவாம். இது இஞ்ச உன்ர சுவரில அவன்ர படத்துக்கு."

"அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதானே கரைச்சல்."

"அப்ப நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

சுந்தரேஸ்வரி போய்விட்டாள். மாலை மேசையில் கிடந்தது. செத்தவருக்கென்று வந்த மாலையைச் சும்மா வீட்டில் போட்டுவைப்பது கூடாது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அந்தக் கிழமைதான் சந்தையில் வாங்கிய பெரிய படம் ஒன்று சட்டத்தோடு சுவரில் மாட்டியிருந்தது. ஓர் இளம் கப்டன். யோகம் மாலையை அவனுக்குப் போட்டு, கீழே ஒரு விளக்கும் வைத்தாள்.

"செத்த ஆளுக்கு வந்தது. செத்த ஆளிட்டயே போகட்டும்" என்றாள் கணவனிடம்.

படத்தின் பின்னால் பென்சிலில் பெயர் இருந்தது: யோவாகிம் ஃப்ரைஹேர் ஃபொன் லூடர்ஸ்ஹைம். ரெலிபோன் புத்தகத்தில் 'ஃபொன்' என்று தேடினாள், இல்லை. சந்தைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஃபொன் என்பது பிரபுக் குடும்பத்து அடையாளம். அதில் தேடக்கூடாது, லூடர்ஸ்ஹைமில் தேடுங்கள். ஃப்ரைஹேர் என்றால் பாரன். இப்போது பட்டம் ஒன்றும் இல்லை, வெறும் பெயரின் ஒரு துண்டு."

வீட்டில் சொன்னபோது சோதிலிங்கம் தலையாட்டினான். அவனை இங்கே எல்லா அலுவலகத்திலும் 'ஹேர் கனகலிங்கம்', அதாவது திரு கனகலிங்கம், என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவனுடைய அப்பாவின் பெயர். "அவைக்குப் பட்டம் பேராப் போச்சு. எனக்கு அப்பா பேராப் போனார்."

அந்தப் பெயரில் நகரத்தில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. யோகம் தெருமுனை ரெலிபோன் கூண்டிலிருந்து அழைத்தாள். தெரிந்த ஜேர்மன் சொற்களைக் கோத்துச் சொன்னாள்: படம், யோவாகிம், செத்தவர், என்னிடம். மறுமுனையில் ஒரு கிழவரின் குரல் விலாசம் கேட்டது. செத்தவரின் தம்பியாக இருக்கும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிழவர் வந்தார். உயரமான ஆள், ஊன்றுகோல். கதவடியில் தொப்பியைக் கழற்றிச் சோதிலிங்கத்திடம் ஏதோ சொன்னார். சோதிலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"யோகம், இது அவர்தானாம்."

"எவர்?"

"சுவரில தொங்கிறவர்!"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிழவர் தன் இளமுகத்தையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். யோகம் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். "ஐயோ, உயிரோட இருக்கிற மனிசனுக்கெல்லோ மாலை போட்டுட்டன்! ஆயுள் குறைஞ்சு போமே! மன்னிக்கச் சொல்லிச் சொல்லுங்கோ."

சோதிலிங்கம் தடுமாறித் தடுமாறி விளக்கினான். கிழவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "கவலைப்படாதீர்கள். என் அம்மா முந்திவிட்டார்."

பிறகு குனிந்து விளக்கை ஊதி அணைத்தார். "இந்தச் சீருடைக்கு விளக்கு வேண்டாம். இதைப் போட்டுக்கொண்டு நாங்கள் செய்தது விளக்கு வைத்துக் கும்பிடக்கூடியதல்ல." மாலையைக் கழற்றி யோகத்திடம் நீட்டினார். "இது உண்மையில் யாருக்கு வந்தது?"

யோகம் கைப்பையைத் திறந்து பராவின் படத்தை மேசையில் வைத்தாள்.

"காணாமல் போனவரா?"

அந்த ஜேர்மன் சொல் அவளுக்குத் தெரியும். நூலகத்தில் படித்தது. தலையாட்டினாள்.

அவர் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சோதிலிங்கம் தமிழில் சொன்னான். "நாப்பத்திமூண்டில ரஷ்யாவில பிடிபட்டவராம். தாய் ஒன்பது வருசம் பாத்துப்போட்டு, நீதிமன்றத்தில போய்ச் செத்தவர் எண்டு பதிஞ்சிட்டாவாம். இவர் ஐம்பத்தைஞ்சில வந்து கதவைத் தட்டினா, சுவரில இந்தப் படம், அதில கறுத்த நாடா. படத்தை இவற்ற தங்கச்சி வைச்சிருந்தவவாம். அவ மாசியில செத்த பிறகுதான் சாமான் சந்தைக்குப் போனதாம்."

"தாயில கோவம் வரேல்லையோ எண்டு கேளுங்கோ."

கிழவர் பராவின் படத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அம்மா சண்டை முடிந்ததிலிருந்து கைதிகள் வரும் ரயில் ஒவ்வொன்றுக்கும் போய் நின்றவர். பதிந்த பிறகுதான் ஓர் இரவு முழுக்கத் தூங்கினாராம். அந்தத் தூக்கத்தில் எனக்கென்ன கோபம்? நாடாவை நானே கழற்றினேன். ஒரு நிமிட வேலை."

தேத்தண்ணி குடித்துவிட்டு, தன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை யோகம் சுந்தரேஸ்வரியின் வீட்டுக்கு நடந்து போனாள். சோதிலிங்கமும் கூடப் போனான்.

"அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோ அக்கா. செய்யட்டும்."

"ஓம் எண்டுறியோ பிள்ளை? செத்திட்டான் எண்டு நம்புறியோ?"

"நம்பேல்லை. அம்மா நித்திரை கொள்ளட்டும். அவன் வந்தானெண்டால், வந்து தன்ர மாலையை அவனே கழட்டட்டும்."