ஸ்கூட்டரும் என் இடுப்பும்

இடுப்பு வலி எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்த பிறகு போகவில்லை. அது தெரியும்.

அப்போது ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் இருந்தோம். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வெல்டர் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. வெல்டிங் குனிந்து செய்கிற வேலை. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் மறுபடி குனியப் பயமாக இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி எல்லோரிடமும் சொன்னாள். அவள் குடியாத்தத்துக்காரி. என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதனால் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். எருக்க இலையைச் சுட வைத்துக் கட்டினாள். ஒருவர் தலையணையே வேண்டாம் என்றார். இன்னொருவர் இரண்டு வை என்றார். இரண்டும் செய்தேன்.

ஒர்க்‌ஷாப் டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதன் நெடி எனக்கு முன்னால் நடக்கும்.

“நீங்க தெருமுனை திரும்பும்போதே சோறு போட்டுடறேன்” என்றாள். “வாசனையே சொல்லிடுது.”

பிறகு ஒரு பெல்ட் வாங்கினேன். கட்டிக்கொண்டால் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. அதற்கும் அவள் விடவில்லை.

“இன்னாங்க, இன்ஸ்பெக்டர் ஆயிட்டீங்களா?”

கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு காலைத் தூக்கினார். பாதியில் வலி பிடித்துக்கொண்டது. நான் சத்தம் போடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக் காலை இறக்கிவிட்டார். ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் காட்டி, முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார். பொங்கல் வரைக்கும் எக்சர்சைஸ் செய்துவிட்டு வரச் சொன்னார். அப்போதும் கால் இப்படியே இருந்தால் ஆபரேஷன்.

எனக்குக் கத்திக்குப் பயமில்லை. முதுகில் ஆபரேஷன் ஆனவர்களை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். வருகிறவன் போகிறவன் பையைத் திறந்து பார்க்கிற வேலை. பையைத் திறந்தால் அவனோடு ஏதாவது பேச வேண்டும். அது என்னால் ஆகாது. வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும்.

எங்கள் பையன் ஊரின் இன்னொரு கோடியில், கொண்டாப்பூரில் தனியாக வீடு எடுத்திருந்தான். சாஃப்ட்வேர் வேலை. விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தான்.

“அப்பா, எனக்கும் அதேதான். இங்க ஒரு ஃபிசியோதெரபி கிளினிக்குக்குப் போறேன். நீங்களும் வாங்க.”

“உனக்கு எப்படிடா?”

“உக்காந்து உக்காந்துதான்.”

உட்கார்ந்தால் இடுப்பு போகும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

போலாரத்திலிருந்து கொண்டாப்பூருக்கு ஸ்கூட்டரிலேயே போனோம். என் மனைவிக்கு பஸ் ஏறினால் வாந்தி வரும். சந்தைக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் அந்த வண்டிதான். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

“வைத்தியம் பாக்கப் போறமா, பாக்கி இருக்கறதையும் ஒடைக்கப் போறமா?”

கிளினிக்கில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒன்றில் நான், ஒன்றில் பையன். இரண்டு பேர் முதுகிலும் ஒயர் ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இரண்டு பேரும் குப்புறக் கிடந்தோம். நடுவில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“ஒருத்தரைக் கட்டினேன், ஒருத்தனைப் பெத்தேன்” என்றாள். “ரெண்டும் இங்க கரண்ட்ல கீது.”

“அம்மா, சிரிக்க வைக்காத. வலிக்குது” என்றான் பையன்.

“அவரு தூக்கி வாங்கினாரு. நீ உக்காந்து வாங்கின. நின்னுகினே இருக்கற எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு டாக்டராவது என்னை வந்து பாத்தாரா?”

வைத்தியம் செய்தது சின்ன வயதுப் பெண். அவள் பேசியது தெலுங்கு. எனக்குப் புரியும். இங்கே தமிழில் போடுகிறேன்.

“அங்கிள், தினமும் பாரம் எதாவது தூக்கறீங்களா?”

“இல்லை” என்றேன்.

“ஒர்க்‌ஷாப்பில்?”

“அங்கே கிரேன் இருக்கிறது.”

“வீட்டில்?”

“இல்லை.”

என் மனைவிக்குத் தெலுங்கு நன்றாக வரும். “பொய்” என்றாள். “ராத்திரி ஸ்கூட்டரைத் தூக்கறார். காலையில எறக்கறார்.”

நான் பொய் சொல்லவில்லை. ஸ்கூட்டரை பாரம் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் சந்தில் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் வண்டி திருடு போயிற்று. அன்றிலிருந்து என் வண்டி உள்ளேதான் தூங்கும். வாசலில் மூன்று படி. முன் சக்கரத்தை ஏற்றி, பின் பக்கத்தைப் பிடித்து ஒரு தம் கட்டினால் வண்டி ஹாலுக்கு வந்துவிடும். வருஷக்கணக்காகச் செய்வது. சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி.

“எங்க ஹால்ல மூணு பேர் படுக்கறோம்மா” என்று அவள் அந்தப் பெண்ணுக்கு விளக்கினாள். “நான், இவரு, வண்டி. எண்ணெய் ஒழுகும்னு அதுக்குச் சாக்கு விரிக்கிறோம். போர்வை ஒண்ணுதான் பாக்கி.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வெளியே வந்து, வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள். காட்டினேன். அது பழைய வண்டி. ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் பிடித்திருந்து, நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். சாய்த்தபோது அவள், “ஐயோ அங்கிள், போதும்” என்றாள்.

தூக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எக்சர்சைஸ் எல்லாம் செய்தாலும் இதை நிறுத்தாவிட்டால் பொங்கலுக்குள் ஆகாது என்றாள்.

“வித்துடுங்கப்பா” என்றான் பையன். “பட்டனை அழுத்தினா கிளம்பற வண்டி வாங்கித் தரேன்.”

“நக்கோ” என்றேன். ஹைதராபாத்தில் வேண்டாம் என்று பேச்சை முடிக்க அந்த ஒரு சொல் போதும்.

மறுநாளிலிருந்து சாய்க்கிற வேலை என் மனைவிக்குப் போனது. புடவையைச் செருகிக்கொண்டு அவள் சாய்ப்பாள். நான் உதைப்பேன். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஹாலில் பாய் விரித்து எக்சர்சைஸ் செய்தேன். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து இடுப்பை மேலே தூக்க வேண்டும். பிறகு நாலு காலில் நின்று முதுகை மேலே வளைக்க வேண்டும்.

“பூனைகூட இதை ஒழுங்கா செய்யும்” என்று அடுப்படியிலிருந்து வந்தது.

ராத்திரி தூக்குவதை மட்டும் இன்னும் விடவில்லை; அதற்கு ஒரு வழி வேண்டும். நான் வெல்டர். படிக்குச் சரிவாக இரும்பில் ஒரு பலகை செய்தால் வண்டியை உருட்டி ஏற்றிவிடலாம். இத்தனை வருஷம் அது தோன்றவில்லை. பழைய இரும்புக் கடையில் நல்ல கனமான தகடாகப் பார்த்து வாங்கினேன். அங்கேயே அடியில் ஆங்கிள் இரும்பு வைத்து வெல்டிங் செய்தேன். வேலை சுத்தமாக வந்தது. லாரி ஏறினாலும் வளையாது. கடை ஆட்கள் கொண்டுவந்து படியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

போட்டே வைத்தால் சந்தில் வழியை அடைக்கிறது. ராத்திரி போட்டு, வண்டியை ஏற்றி, மறுபடி எடுத்து உள்ளே வைக்க வேண்டும். எடுக்கப் போனேன். அசையவில்லை. அவளும் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். கொஞ்சம் தூக்கிக் கீழே போட்டாள்.

“ஏங்க, இது வண்டியை விட கனம்.”

உண்மைதான்.

“இதை ஏத்தி எறக்க இன்னொரு சரிவு செய்யுங்க” என்றாள். உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாலு ஆளைப் பிடித்து ஏற்றிய அந்தப் பலகை இப்போதும் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. தொட்டி அசையவே இல்லை.

அன்று வண்டியை வெளியே விட்டேன். வேறு வழியில்லை. சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டினேன். இன்னொரு பூட்டும் போட்டேன்.

“அதை எவன் திருடுவான்?” என்றாள். “ஸ்டார்ட் பண்றதுக்குள்ள அவனுக்கும் இடுப்பு போயிடும். அவனும் கொண்டாப்பூர் போகணும்.”

விடிந்ததும் முதலில் போய்ப் பார்த்தேன். வண்டி இருந்தது. கால் வைக்கிற இடத்தில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. எதிரே டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“கைக்கு பாய், காடி கபாடிகு தேதியே க்யா?”

ஏன் வெளியே கிடக்கிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

“இருக்குதா?” என்றாள்.

“இருக்குது.”

“பாவம்” என்றாள். “யாருமே கேக்கலியா?”

சந்தோஷம்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்னக் குறை. சில நாளில் ஒரு பூட்டை எடுத்தேன். பிறகு சங்கிலியையும் எடுத்துவிட்டேன். அப்போதும் யாரும் தொடவில்லை.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் காலில் மரப்பு குறைந்தது. பிறகு ஒருநாள் செருப்பு வாரை நானே குனிந்து மாட்டினேன். மாட்டிய பிறகுதான் கவனித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே என்னவோபோல் இருந்தது.

பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். பாதி தாண்டியது. இன்னும் தூக்கினார். வலி இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. சின்னச் சுத்தியால் முழங்காலைத் தட்டினார். கால் தானாக உதைத்தது.

“ஆபரேஷன் வேண்டாம்” என்றார். “எக்சர்சைஸை விடாதீர்கள். என்ன செய்தீர்கள்?”

நான் என் மனைவியைப் பார்த்தேன்.

“ஸ்கூட்டரைத் திருட விட்டோம் சார்” என்றாள். “எவனும் வரல.”

டாக்டருக்குப் புரியவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பழைய வேலையே செய்யலாம் என்று இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்வரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் அவள் புடவையைச் செருகினாள். வண்டியைச் சாய்த்தாள். நிமிர்த்தும்போது கையை இடுப்பில் வைத்து “ஸ்ஸ்” என்றாள்.

“வித்துடலாம்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதே வார்த்தையைப் பையன் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு நினைவிருக்கும்.

“இடுப்பு வந்ததும் வாயும் வந்துடுச்சே” என்றாள். “புதுசு வர்ற வரைக்கும் நான் இன்னா, பஸ்ல வாந்தி எடுத்துகினு போறதா? ஒதைங்க.”

உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. அவள் பின்னால் ஏறிக்கொண்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“நிமிந்து உக்காருங்க.”