வீரபாண்டியில் ஒரு சாய்ந்த கோபுரம்

சின்னமனூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் மலைச்சாமியின் மனைவி வேல்விழி, ஈபிள் கோபுரத்தை இரண்டு தடவை கட்டியிருக்கிறாள். தாஜ்மகாலை அதற்கு மேலும் கட்டியிருக்கிறாள். சிட்னி நகரத்து இசை அரங்கத்தை ஒரே ஒரு தடவை கட்டினாள். பார்த்தவர்கள் "பலாச்சுளைய உரிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனதால், மறுபடி யாரும் அதைக் கேட்கவில்லை. அவள் இன்றுவரை விமானம் ஏறியதில்லை.

எல்லாம் பொருட்காட்சிக்குத்தான். கம்பத்து ஆரிப் திருவிழாக்களில் ராட்டினம், அப்பளக் கடை, பேய் வீடு என்று பொருட்காட்சி போடுகிறவர். வாசலில் ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கட்டடம் பெரிதாக நின்றால்தான் ஜனம் உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. ஒரு வருஷம் வழக்கமாகச் செட் போட்டுத் தரும் மதுரைக்காரர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, நேராகப் பட்டறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, கம்பியிலயே ஈபிள் டவர் செஞ்சு தர முடியுமா?"

மலைச்சாமிக்குத் தயக்கம். வேல்விழிதான் முடியும் என்றாள். அவள் தேனி ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டறைக்கு வரும் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு கால் அகலமாகப் பரப்பி, மேலே போகப் போகக் குறுகி, காற்று புகுந்து போகிற மாதிரி அந்தக் கோபுரம் ஏன் நிற்கிறது என்று படித்துப் பார்த்து அவள் சொல்ல, மலைச்சாமி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். "காத்தோட சண்டை போடாம வழி விட்டுட்டாக. கெட்டிக்காரவுக" என்றான். அந்த வருஷம் ஈபிள் கோபுரம் நின்றது. அடுத்தடுத்து ஆர்டர்கள் வந்தன. கோடு அவளுடையது, இரும்பு அவனுடையது என்று ஆகிப்போனது.

வம்பு வந்தது பைசா கோபுரத்தில்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு இந்தத் தடவை இத்தாலிக் கோபுரம் என்று வேல்விழிதான் சொன்னாள். ஆரிப்புக்கு உடனே பிடித்துவிட்டது. ஜனம் வந்து கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளும், அதுவே விளம்பரம் என்றார். மலைச்சாமி வேலையை மட்டும் செய்தான். அடுக்கடுக்காக இரும்பு வளையம், சுற்றிலும் தெர்மாகோல் தூண்கள், வெள்ளைப் பெயின்ட். அடிச்சட்டத்துக்கு ஒரு பக்கம் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, அவள் போட்ட கோணத்துக்கு ஏற்றபடி சாய்த்து, முல்லையாற்றுப் பக்கம் பொருட்காட்சித் திடலில் நிறுத்தினார்கள்.

அதே நேரம் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கும் மகள் ஜோதிகாவுக்குக் காய்ச்சல் என்று ஹாஸ்டலில் இருந்து போன் வந்தது. வேல்விழி கிளம்பிப் போனாள். மகளைத் தேற்றி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து படுக்கவைத்துவிட்டுத் திடலுக்கு வந்தபோது, வாசலில் ஆரிப் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மதினி, எனக்கு ஒன்னும் புரியலை. கல்யாண வீட்டு கேக்கு மாதிரி நிக்குது."

வேல்விழி நிமிர்ந்து பார்த்தாள். கோபுரம் செங்குத்தாக நின்றது. மரக்கட்டைகள் எல்லாம் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மலைச்சாமி உச்சியில் இருந்து தூக்குக்குண்டை இறக்கி, நூல் ஆடி அடங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்களா நிமுத்துனீக?"

"நாந்தேன்."

"உலகத்துலயே இது சாஞ்சு நிக்கிறதுக்குத்தாங்க பேரு. நிமுத்திட்டா இது பைசா கோபுரமே இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும்."

அவளுக்குக் கோபம் பொங்கியது. மாதக்கணக்காகப் போட்ட கோடு. வீட்டுக்குப் போய் மகளுக்குக் கஞ்சி வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் சோற்றைப் பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"அதுக்கடியில ஜனம் நிக்கும்ல" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சில வருஷங்களுக்கு முன் கம்பத்துப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மலைச்சாமி தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தான். தோட்டக்காரர் அவசரப்படுத்தினார். கான்கிரீட் இறுகுவதற்குள் கூரையை ஏற்றச் சொன்னார். ஒரு தூண் லேசாகக் கோணியிருந்தது மலைச்சாமிக்குத் தெரியும். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று விட்டான். ஆடிக் காற்றில் கொட்டகை சரிந்தது. உள்ளே திராட்சைக் கூடை அடுக்கிக்கொண்டிருந்த ஒச்சாண்டி என்பவருக்குக் கால் முறிந்தது. பிழைத்துக்கொண்டார், நடை மட்டும் சாய்ந்துவிட்டது. மலைச்சாமி வைத்தியச் செலவைப் பார்த்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துப் பாதையில் அவன் போனதே இல்லை. ஒரு ஜன்னல் சட்டத்தைக்கூடத் தூக்குக்குண்டு போடாமல் விடுவதில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதும் இல்லை.

வேல்விழி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கன இத்தாலியில மண்ணு இளக்கமுங்க. கட்டும்போதே சாஞ்சிருச்சு. பல நூறு வருசம் அப்படியே நின்னு, ரொம்பச் சாயவும் பயந்துபோயி மூடிட்டாக. இஞ்சினியருமாரு உசந்த பக்கத்து மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்தாக. கோபுரமும் கொஞ்சம் நிமுந்துச்சு."

"நிமுத்துனாகள்ல?" என்றான் அவன் சட்டென்று.

"நிமுத்துனாக. ஆனா விழுகாதுன்னு தெரிஞ்சதும் போதும்னு நிறுத்திட்டாக. முழுசா நிமுத்தலை."

அவன் யோசித்தான். கஞ்சி டம்ளரோடு கதவருகில் நின்ற ஜோதிகா, "விழுகாம நிக்க வைக்க உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள். அவன் சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் கோபுரம் மறுபடி சாய்ந்தது. இந்தத் தடவை அவன் இஷ்டப்படி. அவள் கேட்ட கோணத்தில் கொஞ்சம் குறைத்தான், அவளும் ஒத்துக்கொண்டாள். சாயாத பக்கத்து அடிச்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றினான். தரையில் குழி வெட்டி இரும்பு முளைகளை அடித்து, உச்சியில் இருந்து கம்பி வடம் இழுத்துக் கட்டினான். சாய்கிற பக்கம் ஜனம் நேரடியாக அடியில் போகாதபடி கம்பித் தடுப்பு வைத்தான். சோதிக்க வந்த தீயணைப்பு அலுவலர் சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு வடமும் கட்டச் சொன்னார். மலைச்சாமி ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினான்.

திருவிழாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தீச்சட்டி எடுத்து முடித்த குடும்பங்கள் மஞ்சள் துணியோடு வந்து, கோபுரத்தைத் தாங்குவதாகக் கையை நீட்டி நின்றன. ஒரு கிழவர் முதுகைக் கொடுத்து முட்டுக் கொடுத்தார். மலைச்சாமி மட்டும் டீ குடிக்கக்கூட நகராமல் வடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் மேற்கே மலை கறுத்தது. மழைக்கு முன்னால் காற்று புழுதியை வாரிக்கொண்டு இறங்கியது. கடைத் தகரங்கள் படபடத்தன, வாசல் வளைவில் கட்டியிருந்த பிளக்ஸ் கிழிந்து பறந்தது. ஆரிப் ராட்டினத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஜனம் கோயில் பக்கம் ஓடியது. வேல்விழி திரும்பிப் பார்த்தால், மலைச்சாமி தடுப்பைத் தாண்டி கோபுரத்துக்கு அடியில் போய் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெளிய வாங்க! என்ன கிறுக்குத்தனம் இது?"

"நீ போ! நான் பாத்துக்கிறேன்!"

அவள் போகவில்லை. குனிந்து தடுப்புக்குள் நுழைந்து அவன் பக்கத்தில் நின்று, அவளும் சட்டத்தைப் பிடித்தாள். பஸ் இன்ஜின் மேல் கை வைத்த மாதிரி அது அதிர்ந்தது. மேலே தெர்மாகோல் தூண்கள் இரண்டு பிய்ந்து பஞ்சுமிட்டாய்க் கடை மேல் போய் விழுந்தன. வடங்கள் விம்மின. சட்டம் அசையவில்லை. காற்று ஓய்ந்து பெரிய பெரிய தூறலாக மழை விழ ஆரம்பித்ததும்தான் அவன் கையை எடுத்தான். உள்ளங்கையில் இரும்பு பதிந்து சிவந்திருந்தது.

"நின்னுருச்சு" என்றான்.

"இனிமே இப்படி அடியில போயி நின்னீகன்னா, நான் கோடே போட மாட்டேன்" என்றாள் அவள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

திருவிழா முடிந்து கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிய பிறகு, மலைச்சாமி யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனான். ஒச்சாண்டி இப்போது அந்தத் தோட்டத்திலேயே காவலுக்கு இருந்தார். "இம்புட்டு வருசமா ஏன்யா வரலை, நான் என்ன உன்னைக் கடிச்சா திங்கப்போறேன்?" என்று வைதாராம். இரண்டு கிலோ பன்னீர் திராட்சையைப் பையில் போட்டுக் கொடுத்தாராம். அதை மலைச்சாமி வீட்டில் வந்து சொன்னது அன்றைக்கல்ல, ஒரு வாரம் கழித்து.

இந்த வருஷம் கம்போடியாவின் அங்கோர் வாட். பட்டறைத் தரையை முழுசாகக் கூட்டிப் பெருக்கி, ஐந்து கோபுரங்களையும் வேல்விழி சாக்பீஸால் வரைந்து வைத்திருக்கிறாள். கேட், ஜன்னல் வாங்க வருகிறவர்கள் நடுக்கோபுரத்தை மிதித்துவிடாமல் சுவர் ஓரமாக வரச் சொல்லி, மலைச்சாமி வாசலில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.