உள்ளிருந்து திறக்காத கதவு

தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். ரிப்பேருக்கு வந்த ஸ்போர்ட்ஸ் காரில், யாரிடமும் சொல்லாமல் மனைவியுடன் அமராவதி அணைக்குப் புறப்பட்டேன்.

உடுமலை தாண்டி, வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று சாலையில் காய்ந்த கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். தாழ்வான கார். அடியில் சுருண்ட செடி சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. நான் குதித்து இறங்கிய பக்கமே தீ எழும்பியது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வேன் என்ற நடுக்கத்தில், எரியும் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

சாலையோரக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். "ஏனுங்க, உள்ள அம்மணி கண்ணாடியத் தட்டறது கேக்கலீங்களா?" என்றபடி மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்யத்தான் கார் வந்திருந்தது.

மண்ணைப் போட்டுத் தீயை அணைத்தோம். மனைவி இன்றும் எந்தக் காரில் ஏறினாலும், உள்பக்கக் கைப்பிடியை இழுத்துப் பார்த்த பிறகே கதவைச் சாத்துகிறாள்.