செப்புத் தகட்டில் ஒரு கொக்கி

செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் செம்பு வெட்ட ஆள் தேடினால் பாதிப் பட்டறைகள் கையை விரித்துவிடும். கம்பி திருடர்களால் வரும் போலீஸ் தொல்லை ஒரு காரணம். செம்பின் குணம் இன்னொரு காரணம். தமண்டானி ஜெரே இரண்டுக்கும் பயப்படுவதில்லை. செம்பு எப்படிக் கைக்கு வந்தது என்பதற்கு முதலில் கடிதம் கேட்பாள். பிறகுதான் தகட்டைத் தொடுவாள்.

வியாழக்கிழமை காலை சோம்பா என்ற இளைஞன் கொண்டுவந்த தகட்டுக்குக் கடிதம் இருந்தது. அவனுடைய அப்பா முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாளில் கிடைத்த பரிசு அது. மூன்று மில்லி கனம். பன்னிரண்டு வருடம் வீட்டுச் சுவரில் தொங்கியது. "என் கல்லறையில் இதில்தான் என் பெயர் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போன வருடம் இறந்துபோனார். சனிக்கிழமை நண்பகல் கல்லறைக் கல்லைத் திறந்துவைக்கும் சடங்கு.

"பேரை போன்ல அனுப்பிட்டேன்க்கா. எழுத்து தகட்டைத் துளைச்சு வெட்டியிருக்கணும். பின்னாடி கல்லு தெரியணும்."

"அனுப்பினது சரியா இருக்கா, பார்த்தியா?"

"எங்கப்பா பேரு எனக்குத் தெரியாதாக்கா?"

தமண்டானிக்கு நாற்பத்தொரு வயது. அப்பா சிப்பாட்டா பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ங்கோனி இனத்தவர். அவள் பற்றவைப்பு படித்து, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஏழு வருடம் இரும்பு வெட்டினாள். அவர் கடையை மூடியபோது மின்சுடரால் உலோகம் வெட்டும் அவருடைய பழைய பிளாஸ்மா இயந்திரத்தை விலைக்கு வாங்கி, சாலையோரத்தில் ஒரு கண்டெய்னர் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கணவன் டார் எஸ் சலாம் பாதையில் லாரி ஓட்டுகிறான். பட்டறைக்கு அவன் வந்தால் வாசலோடு சரி. உள்ளே அவள் ராஜ்ஜியம்.

இரும்பில் சூடு வைத்த இடத்தில் நிற்கும். செம்பு வாங்கிய சூட்டை உடனே தகடு முழுக்கப் பங்கு போட்டுவிடும். அதனால் இரும்புக்கு வைப்பதைவிட ஒன்றரை மடங்கு மின்சாரம் வைக்க வேண்டும், கை தயங்கக் கூடாது. தயங்கினால் ஓரம் கூழாகிவிடும். அன்று வழக்கமான மின்வெட்டு வருவதற்குள் அவள் முடித்துவிட்டாள். சுடர் பச்சையாக எரிந்தது. பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஏ, டி இரண்டிலும் நடுத்துண்டு விழுந்துவிடாமல் மெல்லிய பாலம் விட்டிருந்தாள். ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கியபின் ஒரு பாக்கெட் பால் குடித்தாள். புகைக்கு அதுதான் மருந்து என்பது அவள் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இறந்தவரின் அக்கா மலாமா, சோம்பாவோடு வந்தாள். மலாமா பெம்பா இனத்தவள். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலிமுறை உண்டு. முன்பின் தெரியாதவர்கூடத் திட்டலாம். கோபித்துக்கொள்ள மட்டும் கூடாது.

"ஏ எலிதின்னி, எங்கடி என் தம்பி?"

"வாங்க குரங்குதின்னி பெரியம்மா. இதோ, ஜம்முனு படுத்திருக்கார்."

தமண்டானி துணியை விலக்கினாள். மலாமா குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

"யார்டா இது?" என்று சோம்பாவைக் கேட்டாள்.

"அப்பா பேருதான் அத்தை."

"இது ங்காண்டு. உங்கப்பன் ஙாண்டு."

தமிழில் வேலையில்லாமல் கிடக்கும் ங எழுத்துக்குப் பெம்பாவில் கை நிறைய வேலை. ஙாண்டு என்றால் முதலை. குலத்துக்கும் அதுவே பெயர். ஆங்கில எழுத்தில் என், ஜி போட்டு, அடுத்து வரும் ஏ-வுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கொக்கி போட வேண்டும். கொக்கி இல்லாவிட்டால் அது காங்கோக்காரர் பெயர். போனில் யாரும் கொக்கி போடுவதில்லை. சோம்பாவும் போடவில்லை. தமண்டானி வந்ததை வந்தபடி வெட்டிவிட்டாள்.

"ங்கோனிக்காரிக்குக் கொக்கி எப்படித் தெரியும்? உங்க இனத்துப் பேருலயே அது கிடையாதே" என்றாள் மலாமா. "முதலை பல்லையும் தின்னுட்டியா?"

கேலிதான். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை.

சோம்பா மெதுவாகச் சொன்னான்: "கறுப்பு பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சிடலாம் அத்தை."

"ரெண்டு மழை பேஞ்சா உங்கப்பன் திரும்ப எல்லையைத் தாண்டிப் போயிடுவான். வாயை மூடு."

வேறு தகடு கிடையாது. கிடைத்தாலும் அது அவருடையது அல்ல. தமண்டானி அளவுகோலை வைத்தாள். ஜிக்கும் ஏ-வுக்கும் நடுவே அடியில் ஐந்து மில்லிதான். ஆனால் ஏ-வின் தோள் சரிந்து இறங்குவதால் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே கொக்கி உட்காரும். துளை பெரிதாகிவிட்டால் இரண்டு எழுத்தும் ஒன்றாகி, பெயரே போய்விடும்.

மணி ஒன்பதே கால். பத்துக்கு மின்சாரம் போனால் மாலைதான் வரும்.

கழிவுத் துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தாள். சுடர் தகட்டைத் துளைக்கும்போதே செம்பு தெறித்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"இதைத்தான் என் தம்பி கழுத்துல வைக்கப் போறியா?"

"பெரியம்மா, குரங்கு மாதிரி கூரையில ஏறி உக்காந்துக்குங்க. எனக்கு வெளிச்சம் வேணும்."

மலாமா நகர்ந்துகொண்டாள்.

இரண்டாவது துண்டில் கைத்துளைப்பானால் முதலில் ஒரு சின்ன ஓட்டை போட்டாள். மேலும் கீழும் கனத்த இரும்புத் தகடு வைத்து இறுக்கினாள். மேல்தகட்டில் கொக்கி அளவுக்கு மட்டும் திறப்பு. சுடரை அந்த ஓட்டையின் விளிம்பில் தொடங்கினால் துளைக்கும் வேலை இல்லை, தெறிப்பும் குறைவு. வந்தது. ஆனால் வால் கோணியது. மூன்றாவது துண்டில் நேராக வந்தது.

மணி பத்தாக எட்டு நிமிடம்.

சோம்பா வெளியே போய்விட்டான். மலாமா போகவில்லை. தமண்டானி பெயர்த் தகட்டிலும் அதேபோல ஓட்டை போட்டு, இரும்புக்கு நடுவே இறுக்கி, முகமூடியை இறக்கினாள். பச்சைச் சுடர் ஒரே ஒரு நொடி எரிந்து அணைந்தது. இறுக்கியை உடனே கழற்றவில்லை. சூடு இரும்புக்குள் இறங்கும்வரை நின்றாள்.

கொக்கி நினைத்ததைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. ஏ-வுக்கும் அதற்கும் இடையே இரண்டு மில்லி செம்பு மிஞ்சியிருந்தது. தமண்டானி அதை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். வளையவில்லை.

மலாமா எழுத்து எழுத்தாக விரலை ஓட்டிப் படித்தாள். கொக்கியில் விரல் நின்றது.

"ஙாண்டு" என்றாள். இன்னொரு முறை சொன்னாள்.

கேலிமுறைக்காரர்களிடம் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. "நாளைக்குக் கல்லறைக்கு வா. பெரிய வேலையெல்லாம் சிம்புயாதான் செய்யணும். எலி ஒண்ணும் சமைக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மலாமா. துக்க வீட்டில் வேலை செய்யும் கேலிமுறைக்காரருக்குத்தான் சிம்புயா என்று பெயர்.

சனிக்கிழமை தமண்டானி திருப்புளியோடு போனாள். உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்க, நான்கு மூலையிலும் அவளே திருகாணி பூட்டினாள். ஓரம் இறுக இறுக, அந்த இரண்டு மில்லியின் மேல்தான் அவள் கண் இருந்தது.

"கோணலா மாட்டாதே, எலிதின்னி!" என்று பின்னாலிருந்து மலாமாவின் குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

செம்பு தாங்கியது. அவள் கடைசி ஆணிக்கு இன்னும் ஒரு அரைச்சுற்று கொடுத்தாள்.