ஏறி வருகிற வண்டி

என் வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியும் என்பது எனக்கு நாற்பத்து நான்காவது வயதில்தான் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷமில்லை, ஆத்திரம். இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷனுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கிறேன். இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

அவர் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். தெருவில் போனால் அவர் பத்தடி முன்னால், நான் பின்னால். எங்கள் பக்கம் அப்படித்தான். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவனை டீக்கடையே திரும்பிப் பார்க்கும். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது ஒரே ஒரு முறை, அதுவும் நாய் துரத்தியபோது.

போன தை மாதம் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் சொந்தக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆட வேண்டும், சித்தப்பாவும் சித்தியும் கட்டாயம் ஆட வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். மதுரையிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வந்து, அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாரம் சாயங்காலங்களில் பழக்கினார். எங்களோடு சேர்த்து நாலு ஜோடி.

முதல் இரண்டு நாள் மானம் போனது. எதிரில் இன்னொரு ஜோடி வந்தால் போதும், என் வீட்டுக்காரர் சட்டென்று ஓரம் கட்டி நின்றுவிடுவார். நான் அவர்மேல் போய் முட்டுவேன். ஏன் நிற்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டதற்கு, மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்றார். இங்கே யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். தெரியாதபோது நாம் நின்றுவிடுவதுதான் நல்லது என்றார் இவர். மாடியே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கை முழுக்க இதே கதைதான். அண்ணன் வந்தால் நாற்காலியை விட்டு எழுவார். அண்ணன் கூப்பிட்டால் பாதிச் சோற்றில் கை கழுவுவார். அந்த அண்ணன் ஒரு நாளாவது எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

மூன்றாம் நாள், என் முதுகில் இருந்த அவருடைய உள்ளங்கை லேசாக அழுந்தியது. நான் திரும்பினேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகத் திரும்பியது. வளைவு வருவதற்கு முன்பே கியர் மாற்றுகிறவர் அல்லவா, அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று அந்தக் கை முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் கொஞ்சம் தாமதித்தால் அவரும் தாமதித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கீழே இறங்கும்போது எனக்கு அழுகையாக வந்தது. இன்னும் நாலு நாள்தான் இருக்கிறதே என்று இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் மூத்தார், அதாவது அந்த அண்ணன், எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏலே, ஜீப்பு ஓட்டுறவன் பொண்டாட்டியப் புடிச்சுக்கிட்டு மேடையில ஆடுனா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக? மத்த மூணு ஜோடி ஆடட்டும்."

மற்ற மூன்று பேரில் ஒருவர் திராட்சைத் தோட்டக்காரர், இரண்டு பேர் சர்க்கார் உத்தியோகம். அவர்கள் ஆடினால் கௌரவம், நாங்கள் ஆடினால் அசிங்கம். இவர் சரிண்ணே என்றார். அவ்வளவுதான். அண்ணன் போனதும் என் பக்கம் திரும்பி, வழிவிட்டுட்டுப் போவோம் புள்ள என்றார். அன்று அவருக்குச் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை. மூத்தார்மேல் இருந்த கோபத்தைவிட இவர்மேல் இருந்த கோபம் பெரிது.

வரவேற்பில் மூன்று ஜோடியும் ஆடி முடித்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு விஷயமே தெரியாது. மைக்கை வாங்கிச் சித்தப்பா, சித்தி என்று கூப்பிட்டாள். இவர் அண்ணனைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இவர் குனிந்துகொண்டார். நான் அவர் காதருகே சாய்ந்தேன்.

"ஏங்க, இருவத்திரெண்டு வருசமா நீங்க எறங்குற வண்டியாவே நின்னுட்டீக. இன்னிக்கு ஏறி வர்றது நாம. அவுக நிக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, மண்டபமே பார்க்க, என் கையைப் பிடித்தார். நாய் எதுவும் துரத்தவில்லை. பத்தடி முன்னாலும் போகவில்லை. பக்கத்தில் நடந்து வந்தார்.

பாட்டு பாதியில் இருந்தபோது மூத்தார் மேடை ஏறி எங்களுக்கு எதிரே வந்தார். இவருடைய உள்ளங்கை என் முதுகில் தளர்ந்தது. நின்றுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தக் கை அழுந்தியது. நான் திரும்பினேன். மூத்தார் ஓரமாக ஒதுங்கி நின்றார்.