உம்மு ஸுஹைலின் இரவல் வீடு

உம்மு ஸுஹைலுக்கு நான் எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸைதா பக்கத்து எங்கள் முகாமில் பாதிப் பேர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

சிரியாவில் சண்டை முற்றி, டமாஸ்கஸின் யர்மூக் முகாமில் குண்டு விழுந்த குளிர்காலத்தில் அவள் இங்கே வந்தாள். நாங்களும் அகதிகள்தான், லெபனானில் பிறந்த அகதிகள். அவள் டமாஸ்கஸில் பிறந்த அகதி. பலஸ்தீனத்தை இருவருமே கண்ணால் கண்டதில்லை. ஆனால் என் தாத்தா ஊர் எலுமிச்சை பெரிதா, அவள் தாத்தா ஊர் எலுமிச்சை பெரிதா என்று வந்த மறுநாளே சண்டை பிடித்துவிட்டோம். அன்றிலிருந்து உயிர்த்தோழிகள்.

என் வீட்டுக்கு எதிரே, முன்பு கார் நிறுத்திய ஒற்றை அறை அவளுக்குக் கிடைத்தது. கதவு கிடையாது, இரும்பு ஷட்டர்தான். ஒவ்வொரு முறை அதை ஏற்றி இறக்கும்போதும் சந்தே அலறும். உள்ளே அவள், வேலை தேடியே தேய்ந்துபோன அவள் கணவர், மகள் ரிஹாப், ரிஹாப் அங்கேயே பெற்ற குழந்தை ஐஹம். மூத்த மகன் ஸுஹைல் கடல் தாண்டி எங்கேயோ போய்விட்டான், பெயர் மட்டும் 'உம்மு ஸுஹைல்', ஸுஹைலின் அம்மா என்று, அவளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்த அறைக்குள் யார் தலை நீட்டினாலும் சாப்பிடாமல் வெளியே வர முடியாது. திருட்டுக் கரண்ட்டை வெட்ட ஒருத்தன் வந்தான். அரிசி அடைத்த சுரைக்காய் இரண்டு தட்டு தின்றுவிட்டு, ஒயர் தொங்குகிறதே என்று அவனே நன்றாக இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அன்று வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடிப்பாள்.

ஜனவரியில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: அறை சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி இங்கேதான் வருவான், அப்போது நான் எதுவும் சொல்ல முடியாது. அந்த அறையிலோ கூரை ஒழுகியது, சுவர் வியர்த்தது. ஒரு ஹீட்டர் வாங்க அவர்களிடம் வழியில்லை.

அந்த வருஷம் குளிர்கால உதவிக்கு ஐரோப்பாவில் வடக்கே ஒரு நாட்டு அரசாங்கம் பணம் தருவதாக இருந்தது. எங்கள் சந்தில் அந்த நாட்டு நாடாளுமன்றம் எந்தத் தேதியில் கூடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். உலகத்தில் சில அரசாங்கங்கள் குண்டுக்குக் கொடுக்கின்றன, சில போர்வைக்குக் கொடுக்கின்றன, சில இரண்டுக்கும் கொடுத்துவிட்டு நன்றிக் கடிதம் கேட்கின்றன. இந்த அரசாங்கம் பேசிப் பேசிக் கடைசியில் பாதிதான் தந்தது. ஆகவே எல்லோருக்கும் ஹீட்டர் கிடையாது, மிகவும் கஷ்டப்படுகிற வீடுகளுக்கு மட்டும். அதை வீட்டுக்கு வீடு வந்து பார்ப்பார்கள். பணம் தந்த அரசாங்கத்தின் ஆளும் கூடவே வருவார்.

வியாழக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அவளிடம் ஓடினேன். ஒழுகுகிற இடத்தில் வாளியை வை, ஈரப் பாயை எடுக்காதே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார், வேறெதுவும் செய்யாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு வாளியையா காட்டுறது? உங்க பக்கம் அதுதான் வழக்கமோ?" என்றாள்.

வியாழன் காலை அவள் சந்து முழுக்க இரவல் கேட்டாள். அடுத்த வீட்டு ஸமீஹாவிடம் சிவப்புக் கம்பளம். தையல்காரி வீட்டுத் திண்டுகள். என்னிடம் தங்க விளிம்பு வைத்த காபிக் கோப்பைகள். கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். கடைசியில், வருகிறவர்களுக்குக் குளிருமே என்று கடைக்கார அபூ வஜீஹிடமிருந்து அவருடைய கேஸ் ஹீட்டரையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஹீட்டர் கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்களுக்காக இரவல் ஹீட்டர்! குழந்தையையும் ரிஹாப்பையும் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டாள், இருமல் சத்தம் விருந்தாளிக்குத் தொந்தரவாம்.

கணக்கெடுக்கக் கையில் டேப்லெட்டோடு வந்தவள் லமீஸ், பக்கத்து முகாம் பெண். கூட வந்த அரசாங்கத்து ஆள் நெட்டையாக, நல்ல மனுஷராக இருந்தார். நனைந்த ஷூவை அவராகவே கழற்றி வாசலில் வைத்தார். நானும் போய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த வாரம் எத்தனை நாள் இறைச்சி சாப்பிட்டீர்கள் என்று லமீஸ் கேட்டாள். அதையெல்லாம் யார் எண்ணுகிறார்கள் என்றாள் உம்மு ஸுஹைல். பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தது உண்டா என்று லமீஸ் அடுத்துக் கேட்டாள்.

"இறைவனுக்கே புகழ், எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இன்னொரு துண்டு இனிப்பு எடுத்துக்கோ மகளே, நீதான் மெலிஞ்சு கெடக்க."

லமீஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவும் இதே ரகமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் டேப்லெட்டில் 'அம்மா ரகம்' என்று ஒரு கட்டம் இல்லையே. ஹீட்டர் உண்டா, இல்லையா, அவ்வளவுதான். அரசாங்கத்து ஆளோ ஹீட்டருக்கு நேராகக் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டே ஏதோ சொன்னார். லமீஸ் செத்த குரலில் மொழிபெயர்த்தாள்: "இத்தனை வீடு பாத்ததுல இங்கதான் நல்லா கதகதப்பா இருக்காம்."

உம்மு ஸுஹைலின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஷட்டரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. லமீஸின் விரல் 'ஹீட்டர் உண்டு' கட்டத்தை நெருங்கியது. திரைக்குப் பின்னால் ரிஹாப் குழந்தையின் வாயைத் தோளில் அழுத்திக்கொண்டு நிற்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

எழுந்தேன். "என் கோப்பைங்களக் குடு, உம்மு ஸுஹைல். என் வீட்டுக்கும் ஆள் வருது" என்றேன்.

அவள் சிரித்தாள், இவள் எப்போதும் இப்படித்தான் விளையாடுவாள் என்று விருந்தாளிகளிடம் சமாளித்தாள். நான் அந்த நெட்டை மனுஷர் கையிலிருந்தே பாதிக் காபியோடு கோப்பையைப் பிடுங்கினேன். பிறகு வாசலில் நின்று, யார் யார் பொருள் இங்கே இருக்கிறதோ வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அபூ வஜீஹ் இதற்காகவே காத்திருந்தது போல ஓடிவந்தார், அவர் வீட்டில் இரண்டு மணி நேரமாகப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்ததாம். ஹீட்டரை அணைத்து உருட்டிக்கொண்டு போனார். ஸமீஹா கம்பளத்தைச் சுருட்ட வந்தாள். அரசாங்கத்து ஆள் மரியாதையாக ஒரு காலைத் தூக்கினார், பிறகு மறு காலைத் தூக்கினார், இது எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் அவரும் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து திண்டு போனது. ஐந்து நிமிஷத்தில் ஈரச் சிமெண்டுத் தரையில் காலுறையோடு நின்றார். கூரையிலிருந்து அவர் தலையிலேயே சொட்டியது.

அப்போது குழந்தை இருமியது. நாற்பது நாள் பிள்ளையின் நெஞ்சிலிருந்து கிழவன் இருமுவது போல ஒரு சத்தம். ரிஹாப் அவனை, சிரியாவிலேயே நின்றுவிட்ட தன் கணவனின் பழைய கோட்டில் சுற்றி வெளியே தூக்கி வந்தாள். லமீஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள்.

உம்மு ஸுஹைல் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். "விருந்தாளிங்க முன்னாடி என்னைய அம்மணமா நிக்க வெச்சுட்ட" என்றாள், மெதுவாக.

வீட்டுக்கு வந்து கோப்பைகளைக் கழுவும்போது அழுதேன். ஒன்றை உடைத்தும் விட்டேன்.

பத்து நாளில் ஹீட்டர் வந்தது, கேஸ் சிலிண்டரோடு, நாலு போர்வையோடு, நெற்றியில் அந்த நாட்டுக் கொடி ஒட்டி. பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். உம்மு ஸுஹைல் போருக்குப் போகிற தளபதி மாதிரி நின்றாள். என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது. ரொட்டி வரிசையில் நான் நின்றால் அவள் திரும்பி நிற்பாள், முன்னால் இடம் கொடுத்துக்கொண்டே திரும்பி நிற்பாள், அது வேறு எனக்கு ஆத்திரம். சந்துப் பெண்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசிப் பார்த்தார்கள். விடு, அவளுக்குத் தலைக்கனம் என்று நானும் வீம்பாகவே இருந்தேன். ராத்தூக்கம் போய்விட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு மதியம், எதிரே ஷட்டர் அலறியது. என் வாசலில் வந்து நின்றாள். சலாம் இல்லை, முகம் பார்க்கவில்லை. கையிலிருந்த ஐஹமைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"உனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. இவனுக்கு உன் மேல ஒரு கோவமும் இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பயல் கனத்திருந்தான். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது, மூச்சில் ஒரு கரகரப்பும் இல்லை.