பத்தாம் வரி இல்லாத பேசிக்

பேசிக் என்ற கணினி மொழியை நான் கணினி இல்லாமல் படித்தவன். போரால் யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமே இல்லை. கைக்கு வந்த பழைய புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இலக்கம் இருந்தது: பத்து, இருபது, முப்பது. பத்தில் தொடங்கி இறங்கி வரவேண்டும். கொப்பியில் எழுதி, வரிவரியாக விரல் வைத்து, நானே கணினியாகி ஓடிப் பார்ப்பேன். விடை சரியாகத்தான் வரும்.

"மச்சான், நீ தண்ணியில்லாத கிணத்துக்கை நீச்சல் பழகினனி" என்பான், பிறகு கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸும் ஆமியும் தமிழரை நிறுத்திக் கேட்கிற காலம். வேலை என்று ஒன்று இல்லாவிட்டால் ஊருக்குத்தான் திரும்பவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் செய்துகொடுக்கும் சின்னக் கந்தோர் ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள். "பேசிக் தெரியுமா?" என்றார் முதலாளி.

"ஓம்" என்றேன். பொய்யில்லையே.

சோதித்துப் பார்க்க என்னை இருத்திய கணினியின் திரையில் வந்ததோ விஷுவல் பேசிக். சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் பெட்டி. வரியுமில்லை, இலக்கமுமில்லை. தெரிந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரோ வந்து நிற்பது போல இருந்தது.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே தேடுறீங்க?"

"பத்தாம் வரி எங்கை, தங்கச்சி?"

"நம்பர் பாத்து ஏற இது என்னா பஸ்ஸா? உங்க பழசுக்கும் இதுக்கும் நடுவுல கறுப்புத் திரையில ஒரு பேசிக் வந்துச்சே, அதுலயே நம்பர் தேவையில்லாமப் போயிடிச்சு."

"அப்ப புரோகிராம் எங்கை தொடங்கும்?"

"அதுவாத் தொடங்காது. சும்மா குந்தியிருக்கும். பட்டனை அமுக்குனாத்தான் எந்திரிக்கும். ஒரு பட்டனை இழுத்துப் போட்டு, ரெண்டு தட்டுத் தட்டுங்க."

தட்டினேன். எழுத இடம் திறந்தது. முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, ஒரு விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கிக் காட்டுங்க, போதும்."

வேறு வழி தெரியவில்லை. புத்தகத்தில் இருந்தபடியே பத்து என்று இலக்கம் போட்டு, இருபத்தைந்தைப் பன்னிரண்டால் பெருக்கி 'பிரின்ட்' பண்ணச் சொல்லி எழுதினேன். ஓடவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். பெட்டியின் மூலையில் முந்நூறு என்று விழுந்தது.

"ஐயோ, பத்தையும் ஏத்துக்கிச்சே!" என்றாள் அவள்.

இலக்கத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் முந்நூறு. எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச விளக்கமும் போய்விட்டது.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க" என்றார் முதலாளி. "வேற ஏதும் கேக்கணுமா?"

சந்தோஷப்படவேண்டிய வாய் வேறெதையோ கேட்டது: "ஐயா, ஒருத்தரும் அமுக்காமல் விட்டால் அது உள்ளுக்கை என்ன செய்துகொண்டிருக்கும்?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தெரியாது தம்பி" என்றார். "வாங்க, சேந்து பாப்போம்."